மாமரத்துக்கு ஏற்றிய பழுப்பு

கட்டை விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, படத்தின் மேல் வைத்து, நன்றாக அழுத்தி ஐந்து முறை தேய்த்தேன்.

நயீமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. படத்திலிருந்த மாமரத்தின் வலப்பக்கக் கிளை குழைந்து சேறாகிப்போனது. என் விரலில் தேன் நிறத்தில் ஒரு கறை.

"சாயம் நிக்கல" என்றேன்.

"அண்ணா, இது தோல் இல்ல, பேப்பரு. இப்பதான் மெஷின்லேர்ந்து வந்துச்சு. எச்சில் தொட்டு தேச்சா இன்னா ஆவும்?"

"நல்ல சாயம்னா ஒண்ணும் ஆவாது."

"உங்க எச்சிலுக்கு எந்தச் சாயமும் நிக்காது" என்று சொல்லிவிட்டு அந்தப் படத்தைச் சுருட்டி மூலையில் போட்டார்.

ஆம்பூர் பஜாரில் ஒரு மாடியில் இருக்கிறது நயீமாவின் ஸ்டுடியோ. அவர் வீட்டுக்காரர் கல்யாண மண்டபங்களுக்குக் கேமராவோடு போய்விடுவார். எடுத்து வந்த படங்களைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிசெய்வது நயீமா. கறுத்த மாப்பிள்ளையைச் சிவப்பாக்குவதும், கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவைக் குடும்பப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவதும் இந்த அம்மாதான். ஐம்பது வயதிருக்கும். வாயும் வேலையும் ஒரே வேகம்.

என் தேவை அவ்வளவு பெரிதில்லை. ஒரே ஒரு மாமரம். அதைப் பழைய காலத்துப் படம் மாதிரி பழுப்பாக்கி, மூன்றடி அகலத்தில் கண்ணாடி போட்டுத் தரவேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் புது வீட்டுப் பிரதிஷ்டை. ஹாலில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அந்த மரம் இருக்கவேண்டும் என்பது என் மனைவி எஸ்தரின் ஆசை. அது அவள் பிறந்த வீட்டு நிலத்து மரம்.

அவளுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அந்த நிலத்துக்காரர், அவளுடைய ஒரே அண்ணன் ஆசீர்வாதம், அன்றைக்கு வீட்டுக்கு வரவேண்டும். மச்சான் என் வாசற்படி மிதித்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் கண்ணும் என் விரலும்

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. ஆனால் பழுப்பு நிறத்தைப் பற்றி என்னோடு பேசுவதற்கு இந்த வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் இன்றைக்கும் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமையாகவும்தான் சொல்கிறேன்.

தோல் பதனிட்டு முடித்தபின் அதற்கு நிறம் ஏற்றும் பகுதியில் எனக்கு ஷேட் மாஸ்டர் வேலை. வெளிநாட்டு பையர் ஒரு துண்டுத் தோலை அனுப்புவான். இதே நிறத்தில் பத்தாயிரம் அடி வேண்டும் என்பான். அந்த நிறத்தைக் கலந்து கொண்டுவருவதுதான் என் பிழைப்பு.

டப்பாக்களின் மேல் இங்கிலீஷில் எழுதியிருப்பதை எனக்குப் படிக்கத் தெரியாது. மூடியின் நிறத்தையும் வாசனையையும் வைத்து எடுப்பேன். ஒருமுறை கம்பெனியில் பட்டம் படித்த கெமிஸ்ட் இரண்டு நாள் மல்லுக்கு நின்றும் நிறம் வரவில்லை. பழுப்பில் சிவப்பு தூக்கிக்கொண்டே இருந்தது. அவர் கறுப்பைச் சேர்த்துக்கொண்டே போனார். நான் போய் ஒரு கரண்டி பச்சையைப் போட்டுக் கலக்கினேன். சிவப்பு அடங்கிவிட்டது.

"பிரவுன்ல போயி பச்சை எதுக்கு மாஸ்டர்?" என்றார் அவர்.

"உள்ள பச்சை இல்லாத பிரவுனு செங்கல்லு சார்" என்றேன்.

அன்றிலிருந்து அவர் எனக்கு தோஸ்த்.

நிறம் வந்ததா என்று பார்க்கத் தோலை ஜன்னலோரம் எடுத்துப் போகவேண்டும். டியூப்லைட்டில் பார்ப்பவன் ஏமாந்து போவான். பிறகு சாயம் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். லேபில் அதற்கு மெஷின் இருக்கிறது, வெள்ளைத் துணி இருக்கிறது. எனக்குக் கட்டை விரல் போதும். ஈரம் தொட்டு ஐந்து தேய்ப்பு. விரல் சுத்தமாக வந்தால் "நிக்குது" என்பேன். அந்த ஒரு சொல்லுக்காக லாரியில் லோடு காத்திருக்கும்.

பழக்கம் தொழிலோடு நிற்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் தேய்ப்பேன். புதுப் புடவையைத் தேய்ப்பேன். என் மகளைப் பெண் பார்க்க வந்த பையனின் பெல்ட்டைத் தேய்த்துப் பார்த்து "ரெக்சின்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையன்தான் மருமகன். இன்றுவரை என் முன்னால் பெல்ட் போடமாட்டான்.

சோடா பாட்டில்

பிறகு நானே சொந்தமாக ஒரு யூனிட் போட்டேன். மற்றவர்களின் தோலை வாங்கி நிறம் ஏற்றிக் கொடுக்கும் வேலை. ஆம்பூருக்கு வெளியே, மச்சான் நிலத்துக்குக் கொஞ்சம் மேலே, கால்வாய் ஓரமாக இடம் கிடைத்தது. இடத்தைக் காட்டிக்கொடுத்ததே மச்சான்தான். தங்கை பக்கத்தில் இருப்பாள் என்ற சந்தோஷம் அவருக்கு.

இப்போதெல்லாம் கழிவுநீர் குழாய் வழியாகச் சுத்திகரிக்கும் இடத்துக்குப் போகிறது. அப்போது அதெல்லாம் இல்லை. சாயம் ஏற்றும் டிரம்களைக் கழுவிய தண்ணீரைக் கால்வாயில் விட்டோம். எல்லோரும் விட்டார்கள், நானும் விட்டேன்.

ஒருநாள் காலையில் மச்சான் யூனிட்டுக்கு வந்தார். கையில் ஒரு சோடா பாட்டில். அதில் தண்ணீர், டீ நிறத்தில்.

"மாப்ள, நம்ம கெணத்துல மொண்டது. இது இன்னான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

நான் பழக்கத்தில் பாட்டிலை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அந்த வாரம் என் டிரம்மில் ஓடிக்கொண்டிருந்த டார்க் டேன் என்ற கரும்பழுப்பு. நான் என் கையால் கலந்தது. தண்ணீரில் எவ்வளவு கரைந்திருந்தாலும் பெற்றவனுக்குப் பிள்ளை முகம் தெரியாதா?

"இது நம்ம ஷேடு இல்ல மச்சான்" என்றேன். "மேல இருக்கறவனுங்க வுடறது."

அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். எஸ்தர் அவருக்கு வீட்டிலிருந்து காபி எடுத்து வந்தாள். வேண்டாம் என்று போய்விட்டார்.

மறுவாரம் எஸ்தரிடம் சொல்லி அனுப்பினார்: "அது நம்ம ஷேடுதான்னு உன் வூட்டுக்காரன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னிக்கு வர்றேன். அதுவரைக்கும் உன் வூட்டுல பச்சத் தண்ணிகூட குடிக்கமாட்டேன்."

நான் சொல்லவில்லை. முதலில் பயம், கேஸ் கீஸ் என்று வருமோ என்று. பிறகு ரோஷம். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மச்சான் போர்வெல் போட்டுக்கொண்டார், நான் யூனிட்டை விற்றேன். கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் பார்த்துக்கொண்டோம், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து. எஸ்தர் அண்ணன் வீட்டுக்குப் போவாள், வருவாள். அவள் கையால் சமைத்து அவள் வீட்டில் அண்ணனுக்கு ஒரு வேளை சோறு போடவில்லை. அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசித் தீர்த்திருப்பேன்.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் நான் ஜெயித்த கதைகளையே எழுதி வந்தேன். இந்த பாட்டிலைப் பற்றி எழுதவில்லை.

கிரெயின் போடவா அண்ணா?

மரத்துக்கு வருகிறேன். படத்தை எடுத்தது நான்தான், என் போனில். காலையில் மலைப்பக்கம் பனி இறங்கியிருந்த நேரம் பார்த்து, வரப்பில் முட்டி போட்டு எடுத்தேன். மச்சான் சந்தைக்குப் போகும் நாளாகப் பார்த்துப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நயீமா அதைப் பெரிய திரையில் திறந்தார். தனி மரம், பின்னால் மலை, கீழே வெறும் நிலம். குறுக்கே மூன்று கரண்டுக் கம்பி, ஒரு கம்பம், கிளையில் மாட்டிய பிளாஸ்டிக் பை. எல்லாவற்றையும் நயீமா சுண்டைக்காய் பறிப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"மரத்துக்கு இன்னா ஆச்சுண்ணா? ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் கருகல்?"

மரத்தின் இடப்பக்கம் கரும்பச்சை. வலப்பக்கம், அதாவது கால்வாய்ப் பக்கம், இலையெல்லாம் வறுத்ததுபோலக் கருகித் தொங்கியது. போன கோடையில் போர்வெல்லில் தண்ணீர் வற்றிப்போய், மச்சான் வேறு வழியில்லாமல் அந்தப் பழைய கிணற்றிலிருந்து அந்தப் பக்கத்துக்கு இறைத்திருக்கிறார். தண்ணீரில் நிறம் போய்விட்டது. உப்பு போகவில்லை.

"பழுப்பாக்கினா சரியாயிடும் இல்ல?" என்றேன்.

நயீமா ஒரு பட்டனைத் தட்டினார். நிறமெல்லாம் வடிந்து படம் கறுப்பு வெள்ளையாகி, அதன்மேல் தேன் நிறம் ஏறியது. செபியா என்றார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மலை, பனி, மரம், எல்லாம் நூறு வருஷத்துப் பழசுபோல ஆகிவிட்டது. கால்வாயோரம் பூத்திருந்த வெள்ளை உப்புகூடப் பனிபோல மின்னியது.

ஆனால் மரம் மட்டும் இன்னும் இரண்டு ஷேடில் இருந்தது. இடப்பக்கம் அழுத்தம், வலப்பக்கம் வெளுப்பு. என் கண்ணுக்கு அது தப்புமா?

"ரெண்டு பக்கமும் மேட்ச் ஆவல."

"இதோ பாருங்க" என்று நயீமா பக்கத்தில் வரிசையாக இருந்த கோடுகளைக் காட்டினார். பழுப்பான பிறகும் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் பழைய நிறம் ஒளிந்திருக்கிறதாம். பச்சை என்ற கோட்டை இழுத்தால் பச்சையாக இருந்த இலை மட்டும் வெளுக்கும், கறுக்கும். மஞ்சளை இழுத்தால் கருகிய இலை மட்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பழுப்புக்குள் பச்சை இருக்கிறது என்று நான் எப்போதோ சொன்னதை இப்போது மெஷின் சொல்கிறது.

"பச்சையை ஏத்தும்மா. போதும், கொஞ்சம் கம்மி பண்ணு. மஞ்சளை இறக்கு. இன்னும். இன்னும் ஒரு மயிரிழை. நிறுத்து."

இரண்டு பக்கமும் ஒரே ஷேடு. எது உயிரோடு இருக்கும் இலை, எது கருகிய இலை என்று படைத்தவனே வந்தாலும் சொல்லமுடியாது. நயீமா திரும்பி என்னைப் பார்த்தார்.

"இருவது வருசமா இந்த வேலை பண்றேன். இவ்ளோ கரெக்டா எனக்கு வராதுண்ணா."

அந்தப் பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"போன்ல எடுத்ததால பெருசு பண்ணா மழுங்கலா இருக்குது. மேல பழைய படம் மாதிரி பொடிப்பொடியா கிரெயின் போடவா?"

கிரெயின் என்றால் எங்கள் தொழிலில் தோலின் மேல்முகம். மாட்டுக்கு முள் குத்திய தழும்பு, உண்ணி கடித்த குழி, சூடு போட்ட அடையாளம் எல்லாம் அதில்தான் இருக்கும். காயம் ஜாஸ்தியான தோல் என்றால் அந்த முகத்தையே உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே கெட்டியாக நிறம் அடித்து, பொய்யாக ஒரு கிரெயினை மெஷினில் அழுத்திக் கொடுப்போம். அப்புறம் அந்த மாடு எங்கே மேய்ந்தது, எதில் அடிபட்டது என்று யாரும் கேட்கமுடியாது. நான் பேர் வாங்கியதே அதில்தான்.

"போடும்மா" என்றேன்.

அப்படி வந்த முதல் படத்தில்தான் விரலை வைத்துத் தேய்த்தேன். இரண்டாவது படத்தை எடுத்ததும் நயீமா என் கைக்கு எட்டாமல் கண்ணாடி போட்டு ஆணி அடித்துவிட்டார்.

எந்தப் பக்கம்?

வெள்ளிக்கிழமை அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே நிலத்துக்குப் போனேன். என் கணக்கு இதுதான்: படத்தைக் காட்டினால் மச்சான் மனம் குளிர்ந்துவிடும். அந்தச் சொல்லைச் சொல்லாமலே கூப்பிட்டுவிடலாம்.

மச்சான் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, கதவைப் பேத்து எடுத்துகினு வந்துட்டியா?"

"படம் மச்சான். நம்ம மரம். எஸ்தரு ஹால்ல மாட்டணும்னா. உங்ககிட்ட காட்டிட்டுப் போலாம்னு."

பையிலிருந்து கண்ணாடி எடுத்துப் போட்டுக்கொண்டார். படத்தை முழங்காலில் நிறுத்திப் பார்த்தார். பிறகு எழுந்து அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, நிஜ மரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மரம் முப்பது அடியில் நின்றது, ஒரு பக்கம் பச்சையாக, ஒரு பக்கம் கருகி.

"அழகா கீது" என்றார். எனக்கு உயிர் வந்தது.

"மாப்ள, இதுல எந்தப் பக்கம் காஞ்சது?"

நான் படத்துக் கண்ணாடியின் தூசியைத் துடைத்தேன்.

"எனக்குக் கண்ணு சரியில்ல, அதான் கேக்கறேன். எந்தப் பக்கம்?"

"படத்துல தெரியாது மச்சான்."

"மரத்துல தெரியுதே."

"நெறம் மாத்தறப்ப அப்டி ஆயிடும்."

"தானா ஆயிடுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. வாய்வரைக்கும் வந்தது. அதே வாய்தான், அன்றைக்கு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பேசியதும்.

"தானா ஆவல. நான்தான் ஒண்ணாக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"பாக்க நல்லா இருக்கும்னு."

அவர் படத்தை மோட்டார் ரூம் சுவரில் சாய்த்து வைத்தார். கயிறு முறுக்க உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வெயில் கழுத்தில் ஏறியது.

"மச்சான், அந்த சோடா பாட்டில்."

கை நிற்கவில்லை. முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அது நம்ம ஷேடுதான். அந்த வாரம் ஓடின டார்க் டேன். நான் கலந்தது."

"தெரியும்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"அப்பவே. நீ வெளிச்சத்துல தூக்கிப் பாத்து கம்முனு நின்ன பாரு. அடுத்தவன் சாயமா இருந்தா நீ சும்மா வுட்டிருப்பியா? இதுல மஞ்சள் ஜாஸ்தி, அதுல சிவப்பு கம்மின்னு ஒரு மணி நேரம் என்னை நிக்கவெச்சு கதை சொல்லியிருப்ப. உன் சாயம்னுதான் வாயைப் பொத்திகின."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மரத்தைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழம வர்றீங்களா?" என்று கேட்டேன்.

"இத மாட்டாத" என்றார், படத்தைக் காட்டி. கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஆட்டோ ஏறும்வரை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் நடந்ததைச் சொன்னேன். "சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி நயீமா

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே படத்தோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"யா அல்லா, கண்ணாடி மேலயும் தேச்சிட்டீங்களா?"

"மாத்தணும்மா. பச்சையை இறக்கு, மஞ்சளை ஏத்து."

"அண்ணா, ஒரு பக்கம் கருப்பா, ஒரு பக்கம் சாம்பல் மாதிரி ஆயிடும். மரம் ரெண்டா பொளந்தாப்புல இருக்கும்."

"இருக்கட்டும்."

கோட்டை இழுத்தார். வலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, ஒவ்வொரு இலையும் காய்ந்து தொங்குவது தனித்தனியாகத் தெரிந்தது. இடப்பக்கம் கனத்து இருண்டது. பழுப்பு அதே பழுப்புதான், அதில் குறை சொல்லமுடியாது.

"கிரெயினையும் எடுத்துடு."

"எடுத்தா கிட்டப் போய் பாக்கறவங்களுக்கு மழுங்கல் தெரியும்ணா."

"கிட்ட வந்து பாக்கறவருக்கு எல்லாம் தெரியும்மா. எடுத்துடு."

நயீமா படத்தை எடுத்துக் காயவைத்தார். கொஞ்சநேரம் தள்ளி நின்று பார்த்தார். "மொத படம் ஷோரூம்ல மாட்டலாம். இது வூட்லதான் மாட்டணும்" என்றார். அவர் அதைக் குறையாகச் சொன்னாரா, நிறைவாகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

போதகர் ஜெபம் பண்ணினார். பாட்டுப் பாடினார்கள். ரிப்பன் வெட்ட எஸ்தர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்தாள். போதகருக்கு வேறொரு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. வெட்டிவிட்டாள்.

முதல் பந்தி முடிந்தது. இரண்டாவது பந்தியில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். மச்சான், கையில் குடை, புது வேட்டி. வாசலில் நின்று கதவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"மார்பிளா?"

"கிரானைட்டுண்ணா" என்றாள் எஸ்தர். உள்ளே ஓடி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மச்சான் டம்ளரை வாங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பந்தியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"இன்னா தண்ணிம்மா இது?"

"கேன் தண்ணிண்ணா."

"அப்ப குடிக்கலாம்" என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை அவளிடம் கொடுத்தார்.

பிறகு எதிர்ச்சுவருக்குப் போனார். கண்ணாடி போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டத்தில், மிகவும் கிட்டத்தில் நின்று பார்த்தார். இந்தமுறை எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. கட்டை விரலை நாக்கில் தொட்டார். காய்ந்த பக்கத்தின் மேல் வைத்து, அழுத்தி, ஐந்து முறை தேய்த்தார். விரலைத் திருப்பி எனக்குக் காட்டினார். சுத்தமாக இருந்தது.

"நிக்குது மாப்ள" என்றார்.

கண்ணாடியின் மேல் தேய்த்தால் சாயம் எப்படி வரும் என்று நான் சொல்லவில்லை.